மைக் செட் மணவாளனின் ஆப்பிரிக்கச் சொந்தம்

சிதம்பரம்
28.5.2008

அன்புள்ள பவானி அக்காவுக்கு, தம்பி மணவாளன் எழுதுவது.

கேவலமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு கல்யாண மண்டபம் நிறைய ஆள் பார்க்க, மேடையேறி நான் அழுதேன். நாசூக்காகக் கண் கலங்கவில்லை. மூக்கு ஒழுக அழுதேன். அழுவதற்கு முன்னால், நம் குடும்பம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குடும்பம் என்று மைக்கில் அறிவித்தேன். நீ நேற்றுப் பேப்பரில் பார்த்தது அந்தப் போட்டோதான். தோளில் பூப்போட்ட துணியும் கோணல் வாயுமாக நிற்பது சாட்சாத் உன் தம்பிதான், வேறு யாரோ என்று மாமாவிடம் சமாளிக்க வேண்டாம்.

போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். மாமா எடுத்தால் "அவ வூட்ல இல்லியேப்பா" என்கிறார். பின்னாலிருந்து நீ "நல்லா சொல்லுங்க, இல்லன்னு" என்பதும் கேட்கிறது. ஊருக்கே ஒலிபெருக்கி கட்டுகிறவன் காது அக்கா இது. ஆகவே கடிதம்.

நடந்தது இதுதான். இங்கே படிக்கிற ஆப்பிரிக்கப் பிள்ளைகள் மே மாதம் இருபத்தைந்தாம் தேதியை ஆப்பிரிக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள். எத்தியோப்பியா, தான்சானியா, ருவாண்டா, சூடான், இன்னும் எனக்கு வாயில் நுழையாத நாலைந்து தேசம். தங்களுக்குள் பேசவே அவர்களுக்கு இங்கிலீஷ் வேண்டும். ஒருத்தர் சாப்பாடு இன்னொருத்தருக்குக் காரம். ஆனால் அன்றைக்கு மட்டும் எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மைக் செட் ஆர்டர் எனக்கு வந்தது. ஏற்பாடு செய்தது நீமா என்கிற தான்சானியப் பெண். விவசாயம் படிக்கிறாள். தமிழை மார்க்கெட்டில் கற்றுக்கொண்டவள், அதனால் அவள் "வணக்கம் அண்ணா" என்று சொன்னாலே கத்தரிக்காய் விலை குறைகிற மாதிரி இருக்கும்.

என் கார்ட்லெஸ் மைக்கை யார் கையில் கொடுத்தாலும் ஒரே கண்டிஷன்தான் என்று உனக்குத் தெரியும். பேசி முடித்ததும் அடியில் இருக்கிற சுவிட்சை அணைத்துவிட வேண்டும். பேட்டரி போனால் என் பிராணன் போகும். கட்சிக்காரன் கேட்க மாட்டான், கல்யாண வீட்டுக்காரன் கேட்கவே மாட்டான். இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி சொன்னபடி கேட்டார்கள். ஒவ்வொருவராக அவரவர் ஊர் உடுப்பில் வந்து, தேசத்தின் பெயரைச் சொல்லி, அவரவர் பாஷையில் வணக்கம் சொன்னார்கள். என்ன மரியாதை, என்ன ஒழுங்கு! எனக்கு அவர்கள் கொண்டாட்டத்தைவிட என் பேட்டரி பிழைத்ததில் சந்தோஷம்.

மேடையில் நாற்காலிகள் போடும்போதே நீமா சொல்லியிருந்தாள்: "அண்ணா, ஒரு சேர் காலியா வுடுங்க. அது எங்க மண்ணுலேருந்து கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போனவங்களுக்கு. அவங்க புள்ளைங்க எங்கெங்கயோ இருக்காங்க. பெரிய ஊர்ல நடத்துனா யாராச்சும் ஒருத்தர் வந்து ஒக்காருவாங்க." கடைசியில் அவள் மேடைக்கு வந்து, இங்கிலீஷிலும் தமிழிலும் கூப்பிட்டாள். "அப்படி யாராச்சும் இங்க இருக்கீங்களா? இருந்தா எழுந்து வாங்க. இது ஒங்க சேர்."

யாரும் எழுந்திருக்கவில்லை அக்கா. யார் எழுந்திருப்பார்கள்? அந்தப் பிள்ளைகளை விட்டால் உட்கார்ந்திருந்தது மண்டப வாட்ச்மேன், மெஸ் நடத்துகிற ராமாமிர்தம், அவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கிற ரெண்டொரு ஆள். நீமா காத்திருந்தாள். பிள்ளைகள் எல்லாரும் காத்திருந்தார்கள். மைக் செட்காரனுக்கு மேடையில் மௌனம் ஆகாது. மௌனம் வந்தால் ஒயர் போய்விட்டது என்று அர்த்தம். கால் தானாக ஓடும். என் காலும் ஓடிவிட்டது. அவளிடமிருந்து மைக்கை வாங்கினேன். அவள் கீழே இறங்கி நின்றாள். இத்தனை வருஷத்தில் நான் மைக்கில் பேசியதெல்லாம் "ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ." அன்றைக்குப் பேசினேன். "நான் இருக்கேன்" என்றேன். "எங்க அப்பா தலைமுடியும் இப்படித்தான், மழை பெஞ்சா தண்ணி மண்டைக்குள்ள எறங்காது. எங்க ஊர் கடலூரு, துறைமுகம். எந்தக் கப்பல்ல யார் வந்தாங்கன்னு எவனுக்குத் தெரியும்? நான் ஒங்க சொந்தக்காரன்." காது அடைத்துப்போய், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பிறகு அழுகை. பிள்ளைகள் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். அந்தக் காலி நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். நீமா தன் மேல்துணியை எடுத்துக் கொடுத்தாள். நம் ஊரில் எத்தனை பேருக்குப் பொன்னாடை போர்த்தியபோது நான் ஓரமாக ஒயர் சுருட்டியிருக்கிறேன்! எனக்கு ஒருத்தரும் ஒரு கைக்குட்டைகூடப் போர்த்தியதில்லை.

கீழே இறங்கியதும் நிருபர் பிடித்துக்கொண்டார். அவரிடம் இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிட்டேன். அதுதான் தப்பு. மற்றதெல்லாம் தப்பா என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன் தம்பி,
மணவாளன்

*

மஞ்சக்குப்பம், கடலூர்
1.6.2008

மணவாளனுக்கு,

நீ எழுதியதைப் படித்து உன் மாமா சிரித்தார். அவருக்கு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு ரசம் மட்டும்.

சிந்துஜாவுக்குக் குமராட்சி இடம் முடிகிற மாதிரி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். பையன் கதிரவன் தங்கமான பிள்ளை. வருகிற பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். இந்த நேரம் பார்த்துத் தாய்மாமன் பேப்பரில் வந்து, எங்கள் வம்சம் எது தெரியுமா என்று ஊருக்கு விளம்பரம் செய்கிறான். குமராட்சியில் பேப்பர் வராதா? டீக்கடையில் ஒரே பேப்பரை ஊரே படிக்கும்.

உனக்கு இது வேடிக்கை. ஆண்பிள்ளை. சுருட்டை முடி என்றால் உனக்கு ஸ்டைல். எனக்கு என்னவென்று தெரியுமா? பள்ளிக்கூடத்தில் என் பெயர் பவானி இல்லை, தேங்காய் நார். சீப்பு உடைந்தால் அம்மா என் முதுகில் ஒன்று வைப்பாள், ஏதோ நான் வேண்டுமென்றே முளைக்க வைத்த மாதிரி. நிறத்தையும் முடியையும் பார்த்துவிட்டு, பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியை மட்டும் பாராட்டிவிட்டுப் போனார்கள். உன் மாமா வந்து சம்மதம் சொன்னபோது, பார்வை சரியில்லையோ என்று நானே சந்தேகப்பட்டேன். நான் தலைமை ஆசிரியையாக இருந்து ரிட்டையர் ஆகும்வரை ஒரு நாள் எண்ணெய் வழியாத தலையோடு வெளியே போனதில்லை. அந்த முடியைத்தான் என் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறேன்.

முதல் தடவை அவர்கள் வந்தபோது, அரைப் படி எண்ணெயை ஊற்றி, கண் மேலே இழுத்துக்கொள்கிற மாதிரி இறுக்கிப் பின்னி உட்கார வைத்தேன். அந்த அம்மா பின்னலைத் தொட்டுப் பார்த்து, "இது சொந்த முடிதானே?" என்று கேட்டாள். சிந்துஜா ராத்திரி முழுக்கத் தலைவலி என்று படுத்திருந்தாள். தலைவலி இல்லை என்று எனக்குத் தெரியும்.

நீ உடனே குமராட்சிக்குப் போ. பையனுடைய அப்பா தட்சிணாமூர்த்தியைப் பார்த்து, மேடையில் உளறினேன், எல்லாம் பொய் என்று சொல்லிவிட்டு வா. அதைச் செய்யாமல் என் முகத்தில் விழிக்காதே.

பவானி

*

சிதம்பரம்
5.6.2008

அக்காவுக்கு,

தேங்காய் நார் விஷயம் எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் வளர்ந்தும் தெரியாது. அதைப் பற்றி ஜோக் எதுவும் எழுதாமல் இந்த வரியை முடித்துக்கொள்கிறேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

குமராட்சிக்குப் போனேன். முந்தாநாள், மினி பஸ்ஸில், ஒரு மூட்டை உரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு. வழியெல்லாம் வசனம் பாடம் செய்தேன்: "சம்பந்தி, அன்னிக்கு நான் சொன்னது..." தட்சிணாமூர்த்தி வயலில் நின்றார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய் இலை போட்டுவிட்டார். விரால் மீன் குழம்பு. வாய் நிறைய அவர் மீனை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? சாப்பிட்டு முடித்ததும் பேசலாம் என்றால், முடிக்க விடாமல் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் "கொள்ளிடத்துல தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் பேப்பர் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்த்தாரா இல்லையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மீன் மட்டும் காரணம் இல்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் நீமா கடைக்கு வந்தாள், இன்னும் ரெண்டு பிள்ளைகளோடு. அந்தப் பேப்பர் துண்டை லேமினேட் செய்து எடுத்து வந்திருந்தாள். யாரோ படித்துச் சொன்னார்களாம். இப்போது "அண்ணா" போய் "மாமா" ஆகிவிட்டது. கூட வந்த ருவாண்டாப் பையன் அதிகம் பேச மாட்டான். ஊரில் அவனுக்குச் சொந்தம் என்று ஒருத்தரும் மிச்சமில்லை என்று நீமா மெல்லச் சொன்னாள். அவன் என் ஆம்ப்ளிபயரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். போகும்போது என் கையைப் பிடித்து, "மாமா, தேங்க்ஸ்" என்றான். தெருவில் இந்தப் பிள்ளைகள் போனால் நம் ஆட்கள் பின்னாலிருந்து என்னென்ன கூப்பிடுகிறார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் உனக்கு வைத்த பெயரின் அண்ணன் தம்பிகள்தான் அந்தப் பெயர்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் அந்தக் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இந்தக் கடற்கரைக் கோட்டைகளில் காவலுக்கு வைத்தான் என்று நீமா எதிலோ படித்திருக்கிறாள். உங்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையும் அதில் உண்டாம். அவர்கள் எங்கே போனார்கள்? கடலில் கரைந்தா போயிருப்பார்கள்? அப்பா முடியை நினைத்துப் பார்.

அக்கா, நான் சொன்னது பொய்யா என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. பொய் என்று சொல்லிவிட்டால் அந்த நாற்காலி மறுபடி காலியாகிவிடும், அது மட்டும் தெரியும். அதற்காக சிந்துஜா கல்யாணத்தைக் கெடுக்கவும் நான் ஆள் இல்லை. அதனால் ஒரு வழி சொல்கிறேன். நீயே சொல்லிவிடு. என் தம்பி அரைக் கிறுக்கன், மைக் ஷாக் அடித்து மூளை கலங்கியவன் என்று சொல். ஊரில் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். பன்னிரண்டாம் தேதி நான் வரவில்லை. தாய்மாமன் இடத்தில் மாமாவின் தம்பி யாரையாவது நிற்க வை.

மணவாளன்

*

கடலூர்
8.6.2008

மணவாளனுக்கு,

சரி. வராதே. கிறுக்கன் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

சிந்துஜாவிடம் உன் கடிதத்தைக் கொடுத்தது உன் மாமா. படித்துவிட்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள், வெளியே வரும்போது தலைக்குக் குளித்திருந்தாள். நான் எண்ணெய் வைக்கப் போனால், "வேணாம்மா" என்கிறாள். பிடித்து உட்கார வைத்தேன். "இதோட வந்தா பாக்கட்டும், இல்லன்னா போவட்டும்" என்று எழுந்து போய்விட்டாள். நீ மூட்டிவிட்ட நெருப்பு.

காய்ந்த தலை காடு மாதிரி நிற்கிறது. இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது.

அந்தத் தான்சானியப் பெண் தன் தலைக்கு என்ன வைப்பாள்? கேட்டு எழுது.

பவானி

*

சிதம்பரம்
13.6.2008

அக்காவுக்கு,

கேட்டு எழுதுவதற்குப் பதில் ஆளையே பஸ் ஏற்றிவிட்டேன், அதற்குத் திட்டாதே. "நான் போயி பாத்துக்கறேன் மாமா" என்று புதன்கிழமை காலையில் ஒரு பையில் சீப்பும் நூலுமாகக் கிளம்பினாள். வேண்டாம் என்று சொல்லலாம் என்றுதான் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். அங்கே கண்டக்டரிடம் சொல்லி ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேற்று ஒரு கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்ட வேண்டியது. மனசு கடலூரில் இருந்ததால், குழாயைச் சாமிக்கு நேராகத் திருப்பிக் கட்டிவிட்டேன். சாமி காது இன்னும் அடைத்திருக்கும்.

ராத்திரி நீமா திரும்பிவிட்டாள். "என்ன ஆச்சு?" என்றால் சிரிக்கிறாள். "பூ வெச்சாங்களா, இல்லியா?" என்றால், "அக்கா எழுதுவாங்க மாமா" என்கிறாள். கையில் நீ கொடுத்த முறுக்கு டப்பா. முறுக்கு நல்ல காரியத்துக்குச் சுட்டதா, மிஞ்சிப் போனதா என்று கடித்துக் கடித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. டப்பா காலியாகப்போகிறது. மாமா போனை எடுப்பதே இல்லை. ஒரு வரி எழுது. திட்டாவது எழுது.

மணவாளன்

*

கடலூர்
15.6.2008

தம்பி மணவாளனுக்கு,

பூ வைத்தாயிற்று. ஆவணியில் கல்யாணம். நீ முறுக்கைக் கடிப்பதை நிறுத்து.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், குறுக்கே பேச உனக்கு வழியில்லை என்பதில் எனக்குத் திருப்தி.

புதன்கிழமை கதவைத் திறந்தால் அந்தப் பெண். "பவானி அக்காவா? தலை பின்ன வந்தேன்." எதிர்வீட்டு மங்கலம் காம்பவுண்டு சுவரில் பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு பார்த்தாள். உள்ளே வரச் சொன்னேன். சிந்துஜாவை உட்கார வைத்து, முன்பக்கம் வரிசை வரிசையாகச் சன்னமாகப் பின்னி, பின்பக்கம் அப்படியே பொங்க விட்டாள். பூ வைக்க இடம் வேண்டுமே என்று அவளே கேட்டு, மல்லிகைச் சரத்துக்கு வாகாக ஒரு வளையமும் விட்டாள். என் பெண் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

பிறகு என்னைக் கூப்பிட்டாள். கிழவிக்கு எதற்கு என்றேன். விடவில்லை. என் தலையில் கை வைத்தவர்கள் எல்லாரும் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார்கள் மணவாளா. "அப்பப்பா, என்ன முடிடி இது" என்பார்கள். அவள் பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே பிரித்தாள். சீப்பு உடையவில்லை. "எங்க அம்மா முடி மாதிரியே இருக்குது" என்று மட்டும் சொன்னாள். அவள் ஊரைவிட்டு வந்து ரெண்டு வருஷம் ஆகிறதாம். அன்றைக்கு அவளை அனுப்ப மனம் வரவில்லை, தங்கச் சொன்னேன்.

வியாழக்கிழமை அவர்கள் வந்தார்கள். பையனுடைய அம்மா மாரியம்மாள் சிந்துஜாவின் தலையையே பார்த்தாள். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. தட்சிணாமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, "பேப்பர்ல ஒரு சேதி பாத்தோம்" என்றார். கிறுக்கன் என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. உன் மாமா தரையைப் பார்த்தார். சிந்துஜா என்னைப் பார்த்தாள். நீமா கையில் பஜ்ஜித் தட்டோடு நின்றாள்.

"ஆமாங்க" என்றேன். "எங்க அப்பா முடி, என் முடி, என் பொண்ணு முடி, எல்லாம் இப்படித்தான். எங்கேருந்து வந்துச்சுன்னு சத்தியமா தெரியாது. அங்கேருந்து வந்திருந்தா, இவ எங்களுக்குச் சொந்தம்."

சொல்லிவிட்டேன்.

அவர், "அத வுடுங்க சம்பந்தி" என்றார். "எங்க தாத்தாவுக்கு அண்ணன் ஒருத்தர், கொளஞ்சியப்பன்னு பேரு, நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவரு. கப்பல் ஏறுனதோட சரி. அங்கயே கட்டிக்கிட்டு அங்கயே இருந்துட்டாருன்னு சொல்லுவாங்க. அது ஆப்பிரிக்காதானே? எங்க ஆளு அங்க இருக்கான், ஒங்க ஆளு இங்க இருக்கான். கணக்கு சரியாப் போச்சு." பிறகு நீமாவிடம் திரும்பி, "ஏம்மா, ஒங்க ஊர்லேருந்து நேட்டாலு கிட்டயா?" என்று கேட்டார். அவள், "ரொம்ப தூரம் மாமா" என்றாள். "பரவால்ல, போனா எங்க ஆளுங்கள வெசாரி" என்றார்.

அவர்களுக்கு உண்மையில் இருந்த சந்தேகம் வேறு. மாரியம்மாள்தான் என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டாள். "ஒங்க தம்பி வூட்டுக்கு வந்தாரு. நல்லா சாப்ட்டாரு, ஆனா வாயே தெறக்கல. பேப்பர்ல பாத்தா மேடையில நின்னு அழுவறாரு. மனுசன் குடிப்பாரோ?" இல்லை, பிறவியிலேயே அப்படித்தான் என்று சத்தியம் செய்திருக்கிறேன். போகும்போது சிந்துஜாவின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எம் பொண்ணுக்கும் இப்படிப் பின்னி வுடுவியா?" என்று நீமாவைக் கேட்டாள்.

கல்யாணத்துக்கு நீதான் தாய்மாமன். மைக் செட்டும் நீதான். உன் மருமகப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவரவர் ஊர் உடுப்பில் வர வேண்டும் என்று சிந்துஜா சொல்லச் சொன்னாள். அந்த ருவாண்டாப் பையனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுச் சொல், சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நீமா கேட்டுக்கொண்டாள். நான் சொல்லாமல் இருப்பேனா?

என் தலையைப் பின்னும்போது, அன்றைக்கு உன் பேச்சைக் கேட்டு அவர்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். "ஒண்ணுமே கேக்கல அக்கா. பேசி முடிச்சா சுவிட்ச ஆஃப் பண்ணணும்னு மாமா கண்டிஷன் போட்டாரு இல்ல, நான் ஆஃப் பண்ணித்தான் குடுத்தேன். அவரு ஆன் பண்ணவே இல்ல. நாங்க கீழ, ஃபேன் சத்தம் வேற, வாய் அசையறது மட்டும்தான் தெரிஞ்சுது, அப்புறம் அழுதாரு. பாவம், தனியா நிக்கிறாரேன்னு நாங்க ஓடிப்போய்ப் புடிச்சிக்கிட்டோம். கால் ஆடுச்சு, அதான் பக்கத்துல இருந்த சேர்ல ஒக்கார வெச்சோம்."

துணி மூக்கைத் துடைத்துக்கொள்ளக் கொடுத்ததாம்.

பவானி அக்கா